முதல்வர் நாற்காலியில் தெரிந்த பிரதமர்

1979 ஆகஸ்ட் 20ஆம் தேதி சரண் சிங் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். பதவியேற்று மூன்று வாரம் கடந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. பிரதமராக மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காதவர் என்று பொது அறிவுக் கேள்வித்தாள்களில் அவர் இன்றும் இடம்பிடிக்கிறார். ஆதரவு தருவதாகச் சொன்ன இந்திரா காந்தி, அவை கூடுவதற்கு முந்தைய நாள் கையை விரித்துவிட்டார்.

உத்தரப் பிரதேச அரசியலைத் தொடர்ந்து கவனித்து வந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. 1970 பிப்ரவரியில், அதே சரண் சிங், அதே இந்திராவின் காங்கிரஸ் ஆதரவோடு லக்னோவில் முதல்வரானார். செப்டம்பரில் ஆதரவு போனது. அக்டோபர் முதல் தேதி ஆட்சியும் போனது. குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அப்போது சோவியத் பயணத்தில் இருந்ததால், ஆட்சிக் கலைப்பு உத்தரவு கீவ் நகரில் கையெழுத்தானது. இன்னும் மூன்றாண்டு பின்னால் போனால், 1967 ஏப்ரல் முதல் தேதி. காங்கிரஸின் சி.பி. குப்தா அரசு அமைந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், சரண் சிங் கைநிறைய எம்.எல்.ஏ.க்களோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஜனசங்கம் தொடங்கிக் கம்யூனிஸ்ட்கள் வரை எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து அந்த வாரமே முதல்வரானார். பத்து மாதம் சொச்சம் ஓடியது அந்த ஆட்சி. 1977இல் காங்கிரஸை எதிர்த்த கட்சிகள் சேர்ந்து ஜனதா என்ற பெயரில் டெல்லியில் போட்டதும் ஏறக்குறைய அதே பந்திதான். எழுந்து போனவர்களில் முன்னால் நின்றவரும் அவர்தான்.

ஒரு தலைவர் மாநிலத்தில் எப்படி ஆண்டார் என்பதைப் பார்த்தால் நாட்டை எப்படி ஆள்வார் என்று தெரியும் என்பது நம் அரசியல் பேச்சில் அடிக்கடி வரும் வாதம். தேர்தல் நேரத்தில் இது ‘மாடல்’ என்ற பெயரில் வரும். குஜராத் மாடல், டெல்லி மாடல், திராவிட மாடல். அங்கே சாலை போட்டார், இங்கேயும் போடுவார். அங்கே மின்சாரம் தந்தார், இங்கேயும் தருவார் என்று திட்டங்களின் பட்டியலை நீட்டுவார்கள். என் பார்வையில் இது தவறான பக்கத்தைப் புரட்டுவது. திட்டங்கள் மாநில எல்லையைத் தாண்டும்போது பாதி உதிர்ந்துவிடுகின்றன. கைப்பழக்கம்தான் அப்படியே வந்து சேர்கிறது. யாரை நம்பினார், முதல் அடி விழுந்தபோது என்ன செய்தார், சட்டமன்றத்தை எப்படி நடத்தினார் என்பவைதான் அந்தப் பழக்கம். இவை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் அச்சாவதில்லை.

இந்தியாவில் இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். அரசமைப்புச் சட்டத்தில் முதல்வருக்கான விதிகள் பிரதமருக்கான விதிகளின் சிறிய அச்சு. அமைச்சரவை, பேரவைக்குப் பொறுப்பு, மேலே ஒரு பெயரளவுத் தலைவர் என எல்லாமே அதே வார்ப்பு. கோப்பு எழுதும் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அதே தேர்வில் வந்தவர்தான். ஆனால் பாடத்திட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. காவல்துறையும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. நாணயமும் படையும் வெளியுறவும் ஒன்றியப் பட்டியலில். ஆகவே முதல்வராக இருப்பவர் மனிதர்களை ஆள்வதைக் கற்கிறார். பணவீக்கத்தையோ பக்கத்து நாட்டையோ ஆள்வதைக் கற்பதில்லை. டெல்லிக்கு வரும்போது பழைய பழக்கத்தை வைத்துக்கொண்டு புதிய பாடத்தில் தேர்வெழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை ஆறு பேர் முதல்வராக இருந்துவிட்டுப் பிரதமராகியிருக்கிறார்கள்: மொரார்ஜி தேசாய், சரண் சிங், வி.பி. சிங், பி.வி. நரசிம்ம ராவ், தேவகவுடா, நரேந்திர மோடி. நேரு, இந்திரா, ராஜீவ், வாஜ்பாய், மன்மோகன் சிங் யாரும் மாநிலத்தை ஆண்டவர்கள் அல்லர். ஆறு பேரை வைத்துச் சட்டம் எதுவும் வகுக்க முடியாதுதான். ஆனால் ஆறு கதைகளும் வெவ்வேறு விதமாக இருப்பதுதான் சுவாரசியம்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை நரசிம்ம ராவுடையது. ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் அவருடைய மாநிலக் காலத்துக்கும் டெல்லிக் காலத்துக்கும் ஒட்டே இல்லை.

1971 செப்டம்பர் இறுதியில் ஆந்திரப் பிரதேசத்தின் முதல்வராக அவரை உட்காரவைத்தது இந்திரா. மாநிலத்தில் அவருக்கென்று கோஷ்டி கிடையாது. அந்தக் காலத்து ஆந்திர காங்கிரஸில் கோஷ்டி இல்லாத முதல்வர் என்றால் கூரையில்லாத வீடு. இருந்தும் அவர் பம்மவில்லை. 1972 தேர்தலில் பிற்படுத்தப்பட்டோருக்கும் இளைஞர்களுக்கும் தாராளமாக சீட்டுக் கொடுத்தார். தொடர்ந்து நில உச்சவரம்புச் சட்டத்தைக் கையிலெடுத்தார். மாநிலக் காங்கிரஸின் முதுகெலும்பே பெரும் நிலக்கிழார்கள் என்பது தெரிந்தும், மேடையில் வெளிப்படையாக அறிவித்துவிட்டுச் செய்தார். அவரே வாரங்கல்–கரீம்நகர் பகுதியின் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர்.

அந்த அக்டோபரில் முல்கி விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிஜாம் காலத்தில், 1919இல் வந்தவை அந்த விதிகள். பழைய ஹைதராபாத் பகுதியில் அரசு வேலை பெற அங்கே 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். தெலங்கானாவுக்கு அது நியாயம். கடலோர ஆந்திராவுக்கு அநியாயம். தீர்ப்பே இறுதி என்ற பொருளில் தெலங்கானாக்காரரான ராவ் பேசியது நெருப்புக்கு நெய்யானது. ‘ஜெய் ஆந்திரா’ கிளர்ச்சி வெடித்தது. ஆந்திரப் பகுதி அமைச்சர்கள் விலகினார்கள். அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிளர்ச்சியின் முன்வரிசையில் நின்றவர்களில் பலர் நில உச்சவரம்பால் இழக்க நேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் அந்த வரலாற்றை எழுத முடியாது. வேலைவாய்ப்புக் கோபமும் நிலத்தின் கோபமும் ஒரே கொடியின் கீழ் வந்தன. 1973 ஜனவரியில் ராவ் பதவியிழந்தார். குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மாநில அரசியலுக்கு அவர் முதல்வராகத் திரும்பவேயில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1991 ஜூனில், ஓய்வுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே மனிதர் பிரதமரானார். அவையில் பெரும்பான்மை இல்லை. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே தாங்கும் நிலை. அவர் செய்த மாற்றம் நில உச்சவரம்பைவிடப் பெரியது. ஆனால் செய்த விதம் தலைகீழ். ஜூலை 1இலும் 3இலும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். முதல் தவணைக்கு எழுந்த சலசலப்பில் இரண்டாவதை நிறுத்திவைக்க அவர் விரும்பினார் என்றும், அதற்குள் ரிசர்வ் வங்கி வேலையை முடித்துவிட்டிருந்தது என்றும் பிற்பாடு தெரியவந்தது. ஜூலை 24 அன்று, சில துறைகளைத் தவிர மற்றெல்லாவற்றிலும் தொழில் உரிமத்தை ஒழித்த புதிய தொழிற்கொள்கை வந்தது. தொழில்துறையைத் தானே வைத்திருந்த பிரதமர் அதை அவையில் அறிவிக்கவில்லை. இணையமைச்சர் பி.ஜே. குரியன் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சில மணி நேரத்தில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் உரை வந்து மறுநாள் தலைப்புச் செய்திகளை வாரிக்கொண்டது. நாற்பதாண்டுக் கொள்கை ஒன்று ஆரவாரமில்லாமல் பின்வாசல் வழியே அனுப்பிவைக்கப்பட்டது. மாற்றம் எதுவும் இல்லை, நேரு வழியின் தொடர்ச்சிதான் என்பதே ராவ் கடைசிவரை சொன்ன விளக்கம்.

ஹைதராபாத்தில் கொள்கையை உரக்கச் சொல்லி ஆட்சியை இழந்தவர் டெல்லியில் வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்தார். 1972இன் ராவைப் பார்த்து 1991இன் ராவைக் கணிக்க முயன்றவர் ஒரு இடதுசாரி நிலச் சீர்திருத்தவாதியைத்தான் கணித்திருப்பார். அவர் பட்ட அடியைப் பார்த்தவர்தான் சரியாகக் கணித்திருக்க முடியும். இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. தீ தானாக அணையட்டும் என்று காத்திருப்பது. 1992 டிசம்பர் 6 வரை உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் அரசின் உறுதிமொழிகளை நம்பி, அல்லது நம்பியதுபோல, அவர் காத்திருந்தார். பாபர் மசூதி இடிந்தது. பொருளாதாரத்தைக் காப்பாற்றிய அதே பொறுமைதான் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ராவின் மாநிலக் காலத்திலிருந்து நேரடியாக நாட்டுக்கு வந்த திட்டம் ஒன்றும் உண்டு, பேசப்படுவது குறைவு. அவர் முதல்வராக இருந்த 1971இல் நல்கொண்டா மாவட்டம் சர்வேலில் ஒரு உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. கிராமத்துப் புத்திசாலிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, இலவசமாகப் படிக்கவைக்கும் ஏற்பாடு. 1985இல் ராஜீவ் அமைச்சரவையில் மனிதவள மேம்பாட்டுத் துறை கைக்கு வந்ததும் அதே எண்ணத்தை நாடு முழுவதும் கொண்டுபோனார். நவோதயா பள்ளிகள் பிறந்தன, மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில். ஆனால் மும்மொழி ஏற்பாட்டில் இந்தி இருந்ததால் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி இல்லை. ஹைதராபாத்தில் முதல்வர் கையெழுத்திட்டால் சர்வேலில் பள்ளி எழும். டெல்லியில் அமைச்சர் கையெழுத்திட்டால் சென்னை ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். முதல்வராக இருந்தவர் டெல்லியில் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் பெரும்பாலும் இன்னொரு முதல்வர்தான்.

மொரார்ஜி தேசாய்க்கு இந்தச் சுவர் கடைசிவரை புரிந்ததாகத் தெரியவில்லை. அவர் கதையில் மாநிலக் காலமும் டெல்லிக் காலமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும்.

விடுதலைக்குப் பிந்தைய பம்பாய் மாகாணத்தில் முதலில் உள்துறை அமைச்சர். 1952 முதல் 1956 வரை முதல்வர். 1949இன் மதுவிலக்குச் சட்டம் அவருடைய முத்திரை. மனிதனின் பலவீனத்தைச் சட்டம் போட்டுத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அதில் முழுசாக இருந்தது. விளைவு நமக்கும் கொஞ்சம் சொந்தமானது. அந்தத் தடையின் நிழலில்தான் தாராவியின் கள்ளச்சாராய உலகம் செழித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வரதராஜன் முதலியார் பம்பாயின் பெரும்புள்ளியானது அந்தத் தொழிலில்தான்.

அதே கை 1963இல், மத்திய நிதியமைச்சராக, தங்கத்தின் மீது விழுந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது தங்கக் கட்டுப்பாடு. சீனப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில் அதற்கொரு பொருளாதார நியாயம் இருந்தது. ஆனால் 22 காரட்டில் தாலி செய்யும் நாட்டில் அதை யார் கேட்பார்கள்? பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள், தங்கம் படகேறி வந்தது. நம்மூர்ப் பழைய பத்தர் குடும்பங்களில் மொரார்ஜி பெயரை இன்றும் நல்லவிதமாகச் சொல்ல மாட்டார்கள். 1977இல் பிரதமரானதும் மறுபடி முதல் பாடம்: நான்கு ஆண்டுகளில் நாடு முழுக்க மதுவிலக்கு. 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. ஆள் அப்பழுக்கற்றவர் என்பதில் எதிரிகளுக்கும் சந்தேகமில்லை. தடை என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்த்தார் என்பதுதான் சிக்கல்.

பம்பாயையும் சேர்த்து மராத்தியர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தை அவர் எதிர்கொண்ட விதமும் அப்படியே. 1955–56இல் பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச் சூட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஃப்ளோரா ஃபவுண்டன் பகுதிக்கு இன்று ஹுதாத்மா சவுக் என்று பெயர், தியாகிகள் சதுக்கம். சட்டம் ஒழுங்கு என்ற சொல்லுக்கு அப்பால் பேரம், சமாதானம், விட்டுக்கொடுத்தல் எதுவும் அவர் அகராதியில் இல்லை. பெரும்பான்மை கெட்டியாக இருந்த காங்கிரஸ் மாகாணத்தில் அது பிழைத்துக்கொண்டது. ஐந்து கட்சிகளை ஒட்டுப்போட்ட ஜனதாவில் பிழைக்கவில்லை. சரண் சிங்கும் மொரார்ஜியும் ஒரே அமைச்சரவையில் இருந்ததே வினோதம்தான். ஒருவர் வெளியேறிப் பழகியவர், மற்றவர் வளையாமல் பழகியவர். 1967இன் லக்னோவையும் 1956இன் பம்பாயையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு 1979 ஜூலையில் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்த முடிவு முன்பே தெரிந்திருக்கும்.

சரண் சிங்குக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். உத்தரப் பிரதேச அமைச்சராக அவர் செய்த ஜமீன்தாரி ஒழிப்பும் நிலத் தொகுப்பும் உருப்படியான வேலைகள். 1953இல் பட்வாரிகள் என்ற கிராமக் கணக்கர்கள் கூண்டோடு ராஜினாமா செய்து மிரட்டியபோது, ஆயிரக்கணக்கான அந்தக் கடிதங்களை அப்படியே ஏற்றுக்கொண்டு ‘லேக்பால்’ என்ற புதுப் பதவியை உருவாக்கியவர் அவர். 1979இல் நிதியமைச்சராக அவர் போட்ட ஒரே பட்ஜெட்டிலும் அதே விவசாயியின் கை தெரியும்: உரத்துக்கு வரிக் குறைப்பு, நகரத்து நுகர்பொருள்களுக்கு வரிக் கூடுதல். அவருடைய பிடிவாதம் நிலத்துக்கு நல்லது செய்தது, கூட்டணிக்குக் கெட்டது செய்தது.

வி.பி. சிங்கைப் பற்றி ஒரு வரியில் சொல்வதென்றால், ராஜினாமா அவருடைய ஆயுதம். 1980இல் உத்தரப் பிரதேச முதல்வரானவர், சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களை அடக்க முடியாததற்குப் பொறுப்பேற்று 1982இல் விலகினார். நீதிபதியாக இருந்த அவருடைய சொந்த அண்ணனே அந்த ஆண்டு கொள்ளையர்களால் கொல்லப்பட்டிருந்தார். பதவியை விட்டெறிந்த மனிதர் என்ற பிம்பம் அங்கே பிறந்தது. 1987இல் பாதுகாப்பு அமைச்சர் பதவியை விட்டபோது அதுவே அவரைப் பிரதமராக்கும் முதலீடானது. தேவகவுடாவுக்கு நீர்ப்பாசனம். கர்நாடகத்தில் பாசனத் துறையை வைத்திருந்தவர். பிரதமராக இருந்த பத்தே மாதத்தில் பாதியில் நின்ற அணைகளை முடிப்பதற்கான விரைவுப் பாசனத் திட்டத்தைத் தொடங்கினார், வங்கதேசத்துடன் கங்கை நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். காவிரி விஷயத்தில் அவரை நாம் பார்த்த பார்வைக்கும் டாக்கா பார்த்த பார்வைக்கும் எவ்வளவு தூரம்!

தமிழ் வாசகர்களுக்கு இந்நேரம் காமராஜர் நினைவு வந்திருக்கும். அவர் பிரதமராகவில்லை, ஆனால் இரண்டு பேரைப் பிரதமராக்கினார். 1954இல் சென்னை மாகாண முதல்வர் பதவிக்குப் போட்டி வந்தபோது எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராஜர் இருவரையும் அமைச்சரவைக்குள் இழுத்துக்கொண்டார். எட்டே பேர் கொண்ட அந்த அமைச்சரவையில் தேர்தலில் காங்கிரஸை எதிர்த்த கட்சிகளின் மாணிக்கவேலரும் ராமசாமிப் படையாட்சியாரும்கூட இருந்தார்கள். 1964இல் நேரு மறைந்ததும் கட்சித் தலைவராக அவர் டெல்லியில் செய்ததும் இதுவே. வாக்குச்சீட்டில் யாரையும் தோற்கடிக்காமல், ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசி, சாஸ்திரி பெயரை ஒருமித்த பெயராக்கினார். ஆனால் சென்னையில் உள்ளே இழுக்கப்பட்டவர்களுக்கு மேலே அமர்ந்திருந்தவர் அவரே. டெல்லியில் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அதே முறையை எதிர்பார்த்தார். இந்திரா அந்த முறைக்குள் அடங்கவில்லை. 1969இல் கட்சி உடைந்தது.

இனி மோடி. மற்ற ஐவரையும்விட மிக நீண்ட மாநிலக் காலம் அவருடையது: 2001 அக்டோபர் முதல் 2014 மே வரை. அதனால் ஆதாரமும் அதிகம்.

திட்டங்கள் இடம்பெயர்ந்ததைக் காட்டுவது எளிது. குஜராத்தில் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம், கிராமத்து வீடுகளுக்கும் வயல் பம்புசெட்டுகளுக்கும் தனித்தனி மின்தடம் போட்டது. வீட்டுக்கு நாள் முழுக்க மின்சாரம். வயலுக்கு எட்டு மணி நேரம், அளவோடு. டெல்லிக்கு வந்ததும் தீன்தயாள் பெயரில் அதே மின்தடப் பிரிப்பு நாடு முழுக்கப் போனது. அதே 2003இல் வந்த ‘ஸ்வாகத்’ ஏற்பாட்டில் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை முதல்வரே காணொலியில் அமர்ந்து மக்கள் குறைகளைக் கேட்டு மாவட்ட ஆட்சியரை அங்கேயே கேள்வி கேட்பார். 2015இல் அது ‘பிரகதி’ ஆயிற்று. பிரதமர், ஒன்றியச் செயலர்கள், மாநிலத் தலைமைச் செயலர்கள் ஒரே திரையில்.

இந்தக் கடைசி வரியில்தான் ஆட்சி முறை இருக்கிறது. அந்தத் திரையில் அமைச்சர்கள் இல்லை, முதல்வர்களும் இல்லை. தலைவரிடமிருந்து அதிகாரிக்கு நேர்க்கோடு. குஜராத்தில் அப்படித்தான் ஆண்டார். அங்கே அவருடைய முதன்மைச் செயலராக இருந்த பி.கே. மிஸ்ரா 2014இல் பிரதமர் அலுவலகத்துக்கு வந்தார். 2019இல் அங்கும் முதன்மைச் செயலரானார். குஜராத் பிரிவு அதிகாரி ஹஸ்முக் அதியா நிதித்துறையின் உச்சிக்கு வந்தார். கோப்பின் வேகம் கூடியது, அமைச்சரின் கனம் குறைந்தது. இதைத் திறமை என்று சொல்வோரும் உண்டு, குவிப்பு என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே நாணயத்தில் அச்சான பக்கங்களாகத்தான் தெரிகின்றன. கூட்டத்தொடரைச் சுருக்கமாக முடிக்கும் குஜராத் சட்டமன்றத்தின் வழக்கத்தைக் கவனித்தவருக்கு நாடாளுமன்றத்தில் நடந்ததும் வியப்பளித்திருக்காது. 2009–14 மக்களவைக் காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு மசோதாக்கள் அவற்றை அலசும் நிலைக்குழுக்களுக்குப் போயின. அடுத்த ஐந்தாண்டில் அது நான்கில் ஒன்றாகச் சுருங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே போனது.

முதல் அடி விழுந்தபோது என்ன செய்தார் என்ற கேள்வியை இவரிடமும் கேட்க வேண்டும். 2002 பிப்ரவரியில் கோத்ரா ரயில் எரிப்பும் அதைத் தொடர்ந்த கலவரங்களும். அரசுக் கணக்கின்படியே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர் மீதான குற்றச்சாட்டில் வழக்குத் தொடர ஆதாரமில்லை என்ற சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவை 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நான் இங்கே பார்ப்பது அரசியல் எதிர்வினையை மட்டும். பதவி விலகச் சொல்லிக் குரல்கள் எழுந்த நேரத்தில் அவர் சட்டமன்றத்தைக் கலைத்தார், யாத்திரை போனார். தன்மீதான விமர்சனத்தை ‘ஐந்து கோடி குஜராத்திகள்’ மீதான அவமானமாக மாற்றிப் பேசினார். டிசம்பரில் 182இல் 127 இடங்கள். அந்த வாக்கியத்தில் எண்ணை மட்டும் மாற்றினால் 2014க்குப் பிந்தைய மேடைப்பேச்சு கிடைத்துவிடும்: 125 கோடி இந்தியர்கள். 2007இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 2002 பற்றிய கேள்வி வந்ததும் சில நிமிடங்களிலேயே மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்தார். பிரதமரான பிறகு தனியாகச் செய்தியாளர் கூட்டம் நடத்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கத்தை அவர் வைத்துக்கொள்ளவேயில்லை.

இடம்பெயராதவையும் உண்டு. குஜராத்தில் மேலவை கிடையாது. பேரவையில் பெரும்பான்மை இருந்தால் மசோதா அன்று மாலையே சட்டம். 2014 கடைசி நாளில் நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது மாநிலங்களவையில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. திரும்பத் திரும்பப் பிறப்பித்துப் பார்த்து, 2015 ஆகஸ்டில் காலாவதியாக விட்டுவிட்டார். குஜராத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து, ஆர்.எஸ்.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த விவசாயிகள் அமைப்பே போராடியபோது அவர் அசையவில்லை. 2020இல் டெல்லி எல்லையில் வந்து உட்கார்ந்த பஞ்சாப் விவசாயிகளை ஓராண்டு கழித்தும் எழுப்ப முடியாமல், 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற்றார். பஞ்சாபில் அவர் கட்சிக்கு வேர் இல்லை. அங்கே ‘ஐந்து கோடி’ வாக்கியம் எதிர்ப்பக்கம் இருந்தவர்களின் வாயில் இருந்தது.

நாற்காலி மாறியதும் கருத்தே மாறியதும் உண்டு. முதல்வர் மோடி சரக்கு மற்றும் சேவை வரியை எதிர்த்தார். குஜராத்தும் தமிழ்நாடும் உற்பத்தி மாநிலங்கள். வரி நுகரும் இடத்துக்குப் போனால் தங்கள் வருவாய் குறையும் என்ற அச்சம் இரண்டுக்கும் பொது. பிரதமர் மோடி 2017 ஜூலை 1 அன்று நள்ளிரவுக் கூட்டம் கூட்டி அதே வரியைக் கொண்டுவந்தார். ஆளுநர் கமலா பேனிவால் தன்னைக் கேட்காமல் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவை நியமித்துவிட்டார் என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர் முதல்வர் மோடி. அவர் பிரதமராக இருக்கும் காலத்தில், ஆளுநர் மசோதாக்களை முடக்குகிறார் என்று அதே நீதிமன்றத்துக்குப் போனது தமிழ்நாடு. கூட்டாட்சி பற்றிய கருத்து மனிதரோடு பயணிப்பதில்லை. அது நாற்காலியிலேயே தங்கிவிடுகிறது. முதல்வர் ஒருவர் மாநில உரிமைக்காக எவ்வளவு உரக்கப் பேசினார் என்பதை வைத்து அவர் டெல்லியில் மாநிலங்களை எப்படி நடத்துவார் என்று கணிக்கவே கூடாது.

2024 ஜூனில் வந்த முடிவு இந்த ஆராய்ச்சிக்கே ஒரு புதிய பக்கம். பா.ஜ.க.வுக்கு 240 இடங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும். 2001 முதல் அதுவரை முதல்வராகவும் பிரதமராகவும் மோடி தன் கட்சியின் தனிப்பெரும்பான்மை இல்லாமல் ஒரு நாளும் ஆண்டதில்லை. கூட்டாளியின் முகம் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்பதற்கு அவருடைய குஜராத் ஏட்டில் ஒரு பக்கமும் இல்லை. முட்டுக்கொடுத்தவர்கள் இருவரும் நெடுங்கால முதல்வர்கள்: 16 இடங்களோடு சந்திரபாபு நாயுடு, 12 இடங்களோடு நிதீஷ் குமார். நிதீஷ் 2013இல் மோடியை முன்னிறுத்தியதை எதிர்த்துக் கூட்டணியை விட்டு வெளியேறியவர். நாயுடுவின் கட்சி, 2002இல் வாஜ்பாய் அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டே, குஜராத் முதல்வரை மாற்றுங்கள் என்று கேட்ட கட்சி.